ஆறாம் லயத்துச் சுவரில் நின்றுபோன படம்

1957ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, கூனிமலைத் தோட்டத்து ஆறாம் லயத்தின் கோடிச் சுவரில் காட்டப்பட்ட படம், காட்ட வந்தவர்கள் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகும் சுவரைவிட்டுப் போகவில்லை. கூனிமலை, இலங்கையின் மலைநாட்டுப் பூண்டுலோயாவில் பஸ்ஸைவிட்டு இறங்கி இரண்டு மைல் மேலே ஏறினால் வரும். தொழிலாளர் குடியிருக்கும் ஏழு லயம், ஒரு மாரியம்மன் கோயில், தேயிலை அரைக்கும் ஸ்டோர், ஐந்தாம் வகுப்புவரை ஒரு பள்ளிக்கூடம். வேறு சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. அங்கே படம் காட்ட அதற்கு முன்னால் யாரும் வந்ததில்லை, அதற்குப் பின்னால் யாரையும் வரவிடவும் இல்லை.

தவறு வண்டிக்காரர்களிடமும் இருந்தது, தோட்டத்திலும் இருந்தது. படம் விழ வேண்டிய வெள்ளைத் திரையை அவர்கள் முந்தின தோட்டத்திலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்கள். கூனிமலையில் வேலைகளை மேற்பார்த்த கண்டாக்கு கணேசமூர்த்தி எதற்கும் கையில் ஒரு வழி வைத்திருப்பவர். சுவர் இருக்கும்போது சீலை எதற்கு என்று கேட்டார். ஆறாம் லயத்துக் கோடிச் சுவர் அடுப்புப் புகையிலும் பாசியிலும் கறுத்துக் கிடந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு நாலு ஆளை விட்டுச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். ஆறரைக்குப் படம் ஓடியது. அந்தக் குளிரில் சுண்ணாம்பு காய மூன்று நாள் பிடிக்கும் என்பதும், ஈரச் சுண்ணாம்பில் எது பட்டாலும் அடுத்த வருசம் சுண்ணாம்பு அடிக்கும்வரை போகாது என்பதும் லயத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். குழந்தை கை வைத்தால் கை நிற்கும், கோழி உரசினால் இறகு நிற்கும். ஆனால் வெளிச்சமும் வந்து படுகிற ஒரு பொருள்தான் என்று எண்ணுகிற பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

காட்டியது பெரிய படமும் இல்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், கக்கூசுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள் என்று புத்தி சொல்லும் அரசாங்கப் படம். செருப்பே இல்லாதவர்கள் அதைப் பொறுமையாகப் பார்த்தார்கள். ரீலில் மிச்சம் இருந்ததால் கடைசியில் ஏதோ ஒரு கடற்கரைப் பட்டினத்தின் தெரு வந்தது: மீன்காரர் ஒருவர், சைக்கிள் ஓட்டும் பெண் ஒருத்தி, குடை பிடித்த கிழவர், அலை. அதோடு விளக்கை அணைத்துவிட்டார்கள். பேச்சுச் சத்தம் பெட்டியிலிருந்து வந்தது, பெட்டியோடு போய்விட்டது. தெரு மட்டும் சுண்ணாம்பில் ஊறிக்கொண்டது.

அதை முதலில் பார்த்தவள் மீனம்மா. அவளுக்கு அப்போது பதினாலு வயது. தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்து ஒரு வருசமாகக் கொழுந்து எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள் கோடிச் சுவருக்கு எதிரே வாளியோடு நின்றாள். அவளுடைய அம்மா பேச்சியம்மா தேடிக்கொண்டு வந்தபோது, சுவரில் புதுச் சுண்ணாம்பைத் தவிர வேறொன்றும் இல்லை. என்னடி பார்க்கிறாய் என்று கேட்டதற்கு, சைக்கிள்காரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று மகள் சொன்னாள். பத்து மணிக்குள் அந்த இடத்தில் முப்பத்தெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எல்லாரும் பதின்மூன்றுக்கும் பத்தொன்பதுக்கும் இடைப்பட்டவர்கள். அதற்கு இளையவர்களுக்கும் மூத்தவர்களுக்கும் சுவர் சுவராகவே தெரிந்தது. ஏன் அப்படி என்று பிறகு பல பேர் பல காரணம் சொன்னார்கள், ஒன்றும் பொருந்தவில்லை.

அந்தப் படத்துக்கு முடிவு கிடையாது. அதில் வந்தவர்கள் தங்கள் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டு போனார்கள். மீன்காரர் கூடையை இறக்கினார், ஏற்றினார். குடைக்காரக் கிழவருக்குக் காய்ச்சல் வந்து சரியாகியது. சைக்கிள்காரி யாருக்கோ கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டாள். ஒரு நாள் பார்த்தது மறுநாள் வராது; அதனால் ஒரு நாளைத் தவறவிட யாருக்கும் மனம் வரவில்லை. மற்றப் படங்களுக்கு இருட்டு வேண்டும். இதற்கு வெளிச்சம் வேண்டியிருந்தது, மசங்கியதும் மங்கிவிடும். ஆகவே பொழுது விடிந்ததும் ஒரு கூட்டம், கொழுந்து நிறுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கியதும் ஒரு கூட்டம், ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் கூட்டம். ஏப்ரல் மாதம் பெரட்டில் பேர் கூப்பிடும்போது பதினொரு பேர் இல்லை. போய்ப் பார்த்தால் சுவருக்கு எதிரே இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

இதுவரை சொன்னதோடு போயிருந்தால் தோட்டம் பொறுத்துக்கொண்டிருக்கும். ஆனால் சுவரில் ஓடிய தெருவில் சத்தம் இல்லை, பார்த்தவர்களின் வாயிலிருந்தும் சத்தம் மெல்லக் கழன்றது. மீனம்மா சித்திரையில் ஓயாமல் பேசினாள், எல்லாம் அந்தத் தெருவைப் பற்றித்தான். வைகாசியில் கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொன்னாள். ஆனியில் தலையாட்டினாள். ஆடி பிறந்தபோது உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. 'வாயில என்னாடி, கொழுக்கட்டையா வச்சிருக்க?' என்று பேச்சியம்மா கத்தினாள். மகள் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். பேச்சியம்மாவின் புருஷன் வீரய்யா ஆறு வருசத்துக்கு முன்னால் மார்ச்சளியில் போய்விட்டான். வேறு பிள்ளை இல்லை. அவளை அம்மா என்று கூப்பிட உலகத்தில் மிஞ்சியிருந்த வாய் அது ஒன்றுதான். அந்த வாய் கூப்பிடாமலே போய்விடுமோ என்ற பயம் கொழுந்து எடுக்கும்போதும் ரொட்டி சுடும்போதும் அவள் கூடவே இருந்தது.

பயம் அவளுக்கு மட்டும் இல்லை. ஆகஸ்ட் மாதத்து அடைமழையில் ஆண்டியப்பனின் மகன் சின்னராசா பன்னிரண்டாம் நம்பர் மலையில் மழைத்தண்ணீர் ஓடும் பெரிய கானுக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டான். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருபது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவனால் கூப்பிட முடியவில்லை. மறுநாள் மத்தியானம், கானில் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்று பார்க்கப் போனவர்கள்தான் அவனைத் தூக்கிவந்தார்கள். கால் கூடியது, கொஞ்சம் கோணலாக. ஆண்டியப்பன் மகனை அடிக்கவும் முடியாமல் அணைக்கவும் தெரியாமல் ஒரு வாரம் கள்ளுத் தவறணையில் கிடந்தார்.

பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. கண்டாக்கு பிரம்போடு நின்று பார்த்தார். பிரம்பு இருக்கும்வரை எதிர்ப்பக்கம் திரும்பி நின்றவர்கள், அவர் போனதும் திரும்பிக்கொண்டார்கள். தோட்டத்துத் துரை மறுபடி சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். புதுச் சுண்ணாம்பில் படம் முன்னைவிடப் பளிச்சென்று வந்ததாகப் பிள்ளைகளின் முகத்திலிருந்து தெரிந்தது. அடுத்தது தார். தார் பூசியதும் படம் ஐந்தாம் லயத்துச் சுவருக்குப் போனது. அங்கேயும் பூசினார்கள். அது கோயில் சுவருக்குப் போனது. மாரியம்மனுக்குத் தார் பூசச் சொல்லும் துணிச்சல் துரைக்கே இல்லை. கும்பிட வருகிறவர்களுக்கு நிற்க இடமில்லாமல் போகவே, தார் பூசிய அதே ஆட்கள் ஆறாம் லயத்துச் சுவரிலிருந்து அதைச் சுரண்டி எடுத்தார்கள். படம் திரும்பிவந்தது. பூசாரி மாயாண்டி ஒரு சேவலை அறுத்தார். சேவல் போனதுதான் மிச்சம்.

பள்ளிக்கூடத்துப் பத்திநாதன் வாத்தியார் கொஞ்சம் நிதானமானவர். முழுக்கத் தடுத்தால் நடக்காது, காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி என்று வைப்போம் என்றார். பள்ளிக்கூட மணியைக் கொண்டுவந்து சுவரோரம் கட்டினார். மணி அடித்தால் உட்கார வேண்டும், மறுபடி அடித்தால் எழுந்துபோக வேண்டும். நாலு நாள் நன்றாக நடந்தது. ஐந்தாம் நாளிலிருந்து பிள்ளைகள் மிச்ச நேரமெல்லாம் மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் மணியைக் கழற்றிக்கொண்டு போனார். தன் இரண்டு மகள்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பேச்சியம்மா மகளை ராகலைக்கு அனுப்பிவைத்தாள். அங்கே அவளுடைய தம்பி சின்னத்தம்பி காய்கறித் தோட்டத்தில் வேலை செய்தான். இடம் மாறினால் மனசு மாறும் என்றார்கள். ஒன்பதாம் நாள் அவன் மருமகளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அங்கே படம் இல்லை, ஆனால் வெள்ளைச் சுவர் எங்கே கண்டாலும் போய் எதிரே உட்கார்ந்து அழுகிறாள் என்றான். 'கோஸ் பாத்திக்குக் கூட்டிக்கிட்டுப் போனா, கோஸ் இலைய வெறிச்சுப் பாக்குதுக்கா. எனக்குப் பயமா இருக்கு. நீயே வச்சுக்க.' அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து பார்த்தால், மகள் பழையபடி சுவருக்கு எதிரே இருந்தாள். அப்போது அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துத்தான் பேச்சியம்மாவுக்கு முதல்முறையாகக் கை ஓய்ந்துபோனது. அதற்குப் பிறகு அவள் திட்டவில்லை. திட்டுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

நவம்பரில் கொழுந்து மலிந்த ஒரு நாள். மூன்று தரம் நிறுத்துவிட்டு, அட்டை கடித்த காலோடு பேச்சியம்மா லயத்துக்கு வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டாள். அரிசியில் கல் பொறுக்க வேண்டும். அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வெளிச்சம் போதாது. சுளகை எடுத்துக்கொண்டு கோடிச் சுவருக்கு வந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, மகளுக்கு எதிர்முகமாக உட்கார்ந்தாள். அவளுக்கு வேறு நோக்கம் ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் படத்தை மறைக்கிறாள் என்று முகத்தைச் சுளித்தார்கள், அவ்வளவுதான். கல்லைப் பொறுக்கிக்கொண்டே, பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவளிடம் கேட்பதுபோல, 'அங்கிட்டு என்னாடி நடக்குது?' என்று கேட்டாள். அதே கேள்வியை எட்டு மாசமாக எல்லாரும் கேட்டிருந்தார்கள். அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டவர்களில் ஒருவருக்கும் அதில் இருப்பது தெரிய வேண்டியிருக்கவில்லை. பேச்சியம்மாவுக்கு அன்றைக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவள் இருந்த நிலையில் வேறு எங்கேயாவது நடக்கிற எதையாவது கேட்டால் தேவலாம் என்றிருந்தது.

மகளின் உதடு அசைந்தது. சத்தம் இல்லை. மறுநாளும் தாய் சுளகோடு வந்தாள், கேட்டாள். மூன்றாம் நாள், துருப்பிடித்த தாழ்ப்பாள் திறக்கிற மாதிரி ஒரு குரல் வந்தது. 'மழ,' என்றாள் மீனம்மா. அந்த நேரத்தில் ஆறாம் லயத்தின்மேல் மழை பெய்தது. பன்னிரண்டு காம்பராவின் தகரமும் சடசடத்தது; பத்தடி தள்ளி இருந்த ஐந்தாம் லயத்து வாசலில் காயப்போட்ட மிளகாய் நனையவில்லை. கூனிமலையில் மழைக்கு யாரும் பெரிய மரியாதை கொடுப்பதில்லை என்பதால் அன்றைக்கு அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. மீனம்மா மட்டும் திடுக்கிட்டுப் போனாள். சுவரில் இருந்த தெருவில் மழை நின்று, தரை காய்ந்து கிடந்தது.

மறுநாள் அவள் மீன்காரரைச் சொன்னாள். நாலு சொல்தான்: மீன், கூடை, வெள்ள மீசை, நொண்டுறாரு. அன்று முழுவதும் லயத்தில் பச்சை மீன் வாசம் அடித்தது. கருவாட்டைத் தவிர வேறு மீன் காணாதவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள். மீன்காரர் சுவரைவிட்டுப் போய்விட்டார். அடுத்து சைக்கிளைச் சொன்னாள். சைக்கிள் ஏற வழியே இல்லாத லயத்துப் படிக்கட்டில் மூன்று நாள் மணி கிணிகிணியென்றது. சொல்லப்பட்டது சுவரில் இருப்பதில்லை. இது மற்றப் பிள்ளைகளுக்குப் புரிந்தபோது மீனம்மாவைத் தள்ளிவிட்டார்கள், சேற்றை வாரி எறிந்தார்கள், வாயைப் பொத்தினார்கள். திட்ட மட்டும் அவர்களிடம் சத்தம் இல்லை. அவளிடம் இப்போது ஐம்பது அறுபது சொல் இருந்தது, அதை வைத்து நன்றாகத் திட்டினாள். பேச்சியம்மா அரிசியைக் கொட்டிவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

தான் கண்டதை அவள் பக்கத்துக் காம்பராவின் லெட்சுமியிடம் சொன்னாள். லெட்சுமி கீரைக்கட்டோடு வந்து தன் மகனுக்கு எதிரே உட்கார்ந்தாள். பிறகு ஜோசப்பின் என்றொருத்தி, கிழிந்த சாக்கைத் தைக்க எடுத்துக்கொண்டு வந்தாள். இப்படி ஒவ்வொருவராக, கையில் ஒரு வேலையோடு, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோடிச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவது வழக்கமாகியது. எல்லாருக்கும் அது உடனே பலிக்கவில்லை. படம் சீக்கிரம் தீரட்டும் என்று கேட்டவர்களுக்கு ஒரு சொல்கூடக் கிடைக்காது. பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் எப்படியோ தெரிந்தது. ஆண்டியப்பன், விசாரணைக்கு வந்த பொலிஸ்காரர் மாதிரி நாலு மாசம் அதட்டிக் கேட்டார். கோணல் காலை நீட்டிக்கொண்டு சின்னராசா வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் அவரே தன்னை மறந்து, 'அந்தக் குடைக்காரப் பெருசுக்குத் திரும்பக் காய்ச்ச வந்துச்சாடா? தனியா வேற இருக்காரு, பாவம்' என்றார். 'நேத்து எந்திருச்சுட்டாருப்பா. கஞ்சி குடிச்சாரு,' என்றான் மகன். ஆண்டியப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அன்று இரண்டு லயத்தில் கஞ்சி வாசம் வந்தது.

வருசங்கள் அப்படிப் போயின. தாய்மார் கேட்டதை மறுநாள் மலைக்குக் கொண்டுபோனார்கள். சைக்கிள்காரிக்கு மாப்பிள்ளை பார்த்தது, அவள் மாட்டேன் என்றது, தபால்காரர் இடையில் நுழைந்தது எல்லாம் நிரை நிரையாகப் பேசப்பட்டு, மத்தியானம் நிறுவைக்கு முன்னால் கூனிமலை முழுவதற்கும் தெரிந்துவிடும். அந்தத் தபால்காரர் நல்லவரா கெட்டவரா என்பதில் இரண்டு கங்காணிமார் ஆறு மாசம் முகம் பார்த்துப் பேசாமல் இருந்தார்கள். ஐம்பத்தெட்டுச் சிங்கள-தமிழ்க் கலவரத்தில் பதினேழு நாள் ஒருவரும் காம்பராவைவிட்டு வெளியே வரவில்லை. அந்தப் பதினேழு நாளில் படம் சுவரில் இரண்டு முழம் வளர்ந்திருந்தது. திரும்பவும் உட்கார்ந்தார்கள், திரும்பவும் கேட்டார்கள். களைப்பாகத்தான் இருந்தது. நாள் முழுக்க மலையில் நின்ற பிறகு இன்னொரு மணி நேரம் சுவரடியில் காது கொடுப்பது லேசான வேலையில்லை. பேச்சியம்மா பல நாள் பாதிக் கதையில் கண்ணயர்ந்துவிடுவாள், அப்போதும் விரல்கள் கல்லைத் தேடிக்கொண்டிருக்கும்.

அறுபதாம் ஆண்டு படம் ஒரு கம்பளி அளவுக்குச் சுருங்கியிருந்தது. பிள்ளைகள் வந்து கால் மணி நேரம் பார்த்துவிட்டு, பந்தடிக்கவோ பீலிக்கரையில் வம்பளக்கவோ போய்விடுவார்கள். அந்த மாசியில் காமன்கூத்துப் பாட ஆள் பிடிக்கத் தேவை இருக்கவில்லை. மூன்று வருசமாகத் தொண்டை கட்டிக்கிடந்தவர்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். கடைசியில் ஒவ்வொருவருக்கும் சுவரில் ஒரு மூலை மட்டும் மிஞ்சியது. ஒருத்தர் மூலை அடுத்தவர் கண்ணுக்குப் படாது. அதைச் சொல்லச் சொல்லி யாரையும் நெருக்க வேண்டாம், அவ்வளவாவது இருக்கட்டும் என்று பத்திநாதன் வாத்தியார் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அவர் மணியைப் பற்றி யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

பேச்சியம்மா அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அவளுக்குப் பழக்கம் விடவில்லை. ஒரு நாள், 'அந்த மூலையில என்னாத்தப் பாக்குற? சொல்லேன்' என்றாள். 'சொல்ல மாட்டேன்!' என்று மீனம்மா போட்ட சத்தம் நாலாம் லயம்வரை கேட்டது. 'அது எனக்கு! ஒனக்கு எல்லாத்தயும் சொல்லிட்டேன்ல? அது ஒன்னு மட்டும் எனக்கு!' பேச்சியம்மாவுக்குச் சுருக்கென்றது. தன் பிள்ளை தன்னிடம் மறைக்கிறாளே என்று ஒரு பக்கம் வலித்தது. ஒரு காலத்தில் உதடு மட்டும் அசைந்த பிள்ளை நாலு லயம் அதிரக் கத்துகிறாளே என்று இன்னொரு பக்கம் வயிறு குளிர்ந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் அவள் ரொட்டிக்கு மா பிசைய எழுந்துபோனாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. மீனம்மா மலையிலிருந்து வந்ததும் கொஞ்ச நேரம் அந்த மூலைக்கு எதிரே குந்துவாள், பிறகு எழுந்துவந்து விறகு ஒடிப்பாள். பார்த்துவிட்டு வருகிற முகம் ஏனோ சாந்தமாக இருக்கும்.

1962 புரட்டாசியில் அவளுக்குப் பத்தொன்பது கழிந்து இருபது வயதாகியது. காலையில் பெரட்டுக்கு முன்னால் போய்ப் பார்த்தாள். சுண்ணாம்பு மட்டும் இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு மலைக்குப் போனாள். அன்றைக்கு அவள் கூடை நிறையவில்லை. சாயங்காலம் பேச்சியம்மா வழக்கம்போலச் சுவரடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே இப்போது லெட்சுமியின் கடைசி மகளும் இன்னும் சில புதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். மீனம்மா வந்து, எதிரே போகாமல், அம்மாவுக்குப் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து முதல்முறையாக உட்கார்ந்தாள்.

'போயிருச்சாடி?'

'போயிருச்சும்மா.' பிறகு, 'அந்த மூலையில நீதான் இருந்த' என்றாள்.

பேச்சியம்மா கீரையைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. 'நானா? அங்கேயும் கொழுந்துதான் எடுத்தேனாக்கும்.'

'இல்ல. ஒன்னும் செய்யல. கடக்கர மணல்ல கால நீட்டி உக்காந்திருந்த. கூட இல்ல, இடுப்புல படங்கு இல்ல. ரெண்டு கையும் சும்மா மடியில கெடந்துச்சு. நீ பாட்டுக்குத் தண்ணியப் பாத்துக்கிட்டு இருந்த.'

'எம்புட்டு நேரம்?'

'அஞ்சு வருசமும்.'

கீரை ஆய்ந்த விரல்கள் நின்றன. 'அத ஏன்டி எங்கிட்டச் சொல்லல?'

'சொன்னா நீ எந்திருச்சுப் போயிருவன்னுதான் சொல்லல,' என்றாள் மீனம்மா. 'இங்க ஒன்னய ஒரு நாளு அப்படிப் பாத்ததில்லையேம்மா.'

பன்னிரண்டு வயதில் பேர் பதிந்ததிலிருந்து தன் கைகள் சும்மா இருந்த ஒரு பொழுதைப் பேச்சியம்மா நினைத்துப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. பிரசவத்துக்குப் போன அன்றைக்குக்கூட மத்தியானம்வரை கொழுந்து எடுத்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் துடைக்கக் கை எழவில்லை. இரண்டு கையும் மடியில் கிடந்தன. மீனம்மா சுளகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மிச்சக் கீரையை ஆய்ந்தாள். எதிரே இருந்த பிள்ளைகள் சுவரை மறந்துவிட்டு அந்த அம்மாவையே பார்த்தார்கள். பேச்சியம்மா அட்டை கடித்த காலை நன்றாக நீட்டி, எதிர்மலையில் பனி இறங்குவதைப் பார்த்தபடி, வெளிச்சம் போகும்வரை ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ரொட்டி சுட்டது மகள்தான்.

மறுநாள் விடியப் பேச்சியம்மா காம்பராவைக் கூட்டியபோது, அவள் படுத்திருந்த இடத்தில் ஒரு கையளவு கடல் மணல் சேர்ந்தது. இன்னும் ஈரம் காயவில்லை. அதை முறத்தில் அள்ளி வாசல் கானில் கொட்டிவிட்டு, படங்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள்.